27 கிலோ இழுப்பு, 5 கிலோ பிடிப்பு

2023 ஆகஸ்டில் பெர்லினில் உலக வில்வித்தை சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் காம்பவுண்ட் பிரிவு இறுதிப் போட்டியில் மகாராஷ்டிரத்தின் ஓஜஸ் தேவ்தளே 15 அம்புகள் எய்தார். பதினைந்தும் பத்துப் புள்ளி வட்டத்துக்குள் விழுந்தன. 150-க்கு 150. எதிரே நின்ற போலந்து வீரர் எடுத்தது 149. அதே நாளில் 17 வயது அதிதி சுவாமி பெண்கள் பட்டத்தை வென்றார். முந்தைய நாள் பெண்கள் அணி வாங்கியதுதான் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். இலக்கு நின்ற தூரம் 50 மீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 8 சென்டிமீட்டர்.

அந்த வீரர்கள் கையில் இருந்த வில்லைப் பற்றிய ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளாக வியக்க வைத்துக்கொண்டிருக்கிறது. சர்வதேச விதிப்படி காம்பவுண்ட் வில்லின் உச்ச இழுவிசை 60 பவுண்டு வரை இருக்கலாம். அதாவது நாணை இழுக்கும்போது ஒரு கட்டத்தில் 27 கிலோ சுமை கையில் ஏறும். ஆனால் முழுதாக இழுத்து, குறி பார்த்து நிற்கும்போது அதே கை தாங்குவது வில்லைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து கிலோதான். மீதிச் சுமை கையை விட்டு இறங்கிவிட்டது. வில் தளரவில்லை, நாண் நழுவவில்லை. சுமை மட்டும் காணாமல் போகிறது.

இதற்கு வில்லாளர்கள் வைத்திருக்கும் பெயர் லெட்-ஆஃப். தமிழில் சுமைத்தளர்வு எனலாம். உச்சச் சுமையில் எத்தனை சதவீதம் கடைசியில் குறைகிறது என்பதே அதன் அளவு. 27 கிலோ வில்லில் லெட்-ஆஃப் 80% என்றால் கையில் மிஞ்சுவது 5.4 கிலோ. 65% என்றால் 9.5 கிலோ. இந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் பல விற்களில் வசதி உண்டு. வில் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. சுமை இவ்வளவு இறங்கினால் அம்பின் வேகமும் இறங்கிவிடாதா?

இறங்கும். ஆனால் எவ்வளவு சொற்பமாக என்பதில்தான் இந்தப் பொறியின் அழகு இருக்கிறது. சில சமயம் இறங்காமல் ஏறவும் செய்யும்.

முதலில் பழைய வில்லைப் பார்த்துவிடலாம். சேர மன்னர்களின் சின்னமே வில்தான். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறித்திருக்கின்றன. வயநாட்டில் 1802-இல் தலைக்கல் சந்துவின் தலைமையில் குறிச்சியர் வில்லாளிகள் பனமரம் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கி வீழ்த்தினார்கள். காசில் இருக்கும் வில்லானாலும் கோட்டையைப் பிடித்த வில்லானாலும் அடிப்படை ஒன்றுதான்: இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும். கை அதிகம் திணறுவது முழு இழுப்பில். கை அசையாமல் நிற்கவேண்டியதும் அதே முழு இழுப்பில். பல்லாயிரம் ஆண்டுகளாக வில்லாளிகள் இந்த முரண்பாட்டோடுதான் எய்தார்கள். ஒன்றிரண்டு நொடிக்குள் விட்டுவிடுவது அவர்கள் கண்ட வழி.

இந்த முரண்பாட்டை உடைத்தவர் அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன். வில்லின் இரு முனைகளையும் அறுத்துவிட்டு அங்கே கப்பிகளைப் பொருத்திப் பார்த்தார். காம்பவுண்ட் வில் பிறந்தது அப்படித்தான். 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது. கப்பி கிணற்றடியில் எல்லோரும் பார்த்ததுதான். ஆலனின் கப்பியில் அச்சு நடுவில் இல்லை, ஓரமாக விலகி இருந்தது. எல்லா மாயமும் அந்த விலகலில்தான்.

இன்றைய வில்லின் முனையில் இருக்கும் சக்கரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதற்குக் கேம் என்று பெயர். வட்டமாகவும் இல்லை, முட்டை வடிவமாகவும் இல்லை. அலுமினியத்தில் கடைந்த, கோணலான ஒரு வடிவம். அதன் விளிம்பில் ஒரு பள்ளத் தடம், அதில் நாண் படிந்திருக்கிறது. பக்கவாட்டில் இன்னொரு தடம், அதில் கேபிள். நாணை இழுக்கும்போது கேம் சுழல்கிறது. நாண் அதிலிருந்து அவிழ, கேபிள் அதன்மேல் சுற்றிக்கொள்கிறது. கேபிளின் மறுமுனை எதிர்ப்பக்கத்தில் கட்டப்பட்டிருப்பதால் வில்லின் இரண்டு கைகளும், அதாவது லிம்ப் எனப்படும் விறைப்பான நாரிழைத் தகடுகள், ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன.

அச்சிலிருந்து நாண் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குக் கைக்குப் பலம். கேபிள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு லிம்புக்குப் பலம். தொடக்கத்தில் நாண் அச்சுக்கு அருகில், கேபிள் தள்ளி. அதனால் லிம்ப் ஜெயிக்கிறது, கை திணறுகிறது. கேம் சுழலச் சுழல இந்தத் தூரங்கள் இடம் மாறுகின்றன. கடைசியில் நாண் அச்சிலிருந்து வெகுதூரம், கேபிள் அச்சை ஒட்டி. லிம்புகள் இப்போதுதான் மிக அதிகமாக வளைந்திருக்கின்றன, வில் தன் முழு ஆற்றலையும் இப்போதுதான் தேக்கி வைத்திருக்கிறது. ஆனால் அவற்றின் நெம்புகோல் சுருங்கிவிட்டதால் ஐந்து கிலோ விசையே அவற்றை அடக்கி வைக்கிறது. காணாமல் போன சுமை எங்கும் போகவில்லை. கேமின் கோணலுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதை வெறும் கையால் உணர்வதைவிடத் தராசில் பார்ப்பது நல்லது. மிளகும் ஏலமும் நிறுக்கும் கொக்கித் தராசு போன்ற மின்னணுத் தராசையே வில் பழுதுபார்ப்பவர்களும் வைத்திருப்பார்கள். வில்லை ஒரு சட்டத்தில் பூட்டி, கொக்கியை நாணில் மாட்டி, மெல்ல இழுக்கவேண்டும். எண் விறுவிறுவென்று 27-ஐத் தொடுகிறது. அங்கேயே ஒட்டிக்கொண்டதுபோல் கொஞ்ச தூரம் நிற்கிறது. பிறகு 20, 14, 9 என்று சரிகிறது. 5-க்குப் பக்கத்தில் வந்ததும் திடீரென்று இழுப்பு நின்றுவிடுகிறது. கேமில் இருக்கும் ஒரு சிறு முளை கேபிளிலோ லிம்பிலோ முட்டி, இதற்கு மேல் வழியில்லை என்று தடுக்கிறது. இந்த முட்டுக்கு வில்லாளர்கள் சுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் சுமை குறைந்த இடம் பள்ளத்தாக்கு.

பெயர் பொருத்தமானதுதான். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சாலை தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் செங்குத்தாக ஏறி, எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, பிறகு ஏலக்காடுகளுக்குள் பூப்பாறைப் பக்கம் இறங்கும். தராசு காட்டிய எண்களை ஒரு தாளில் வரைந்தால் அந்த மலையே வந்துவிடும்: ஒரு பக்கம் செங்குத்து ஏற்றம், மேலே சமதளம், மறுபக்கம் சரிவு, சரிவின் அடியில் பள்ளம். வில் தேக்கி வைக்கும் ஆற்றல் என்பது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மொத்த மலை. அதன் பரப்பளவை எடுத்தால் அம்புக்குக் கிடைக்கப்போகும் ஆற்றலின் கணக்கு வந்துவிடும். லெட்-ஆஃப் என்பது மலையின் உயரமும் அல்ல, அகலமும் அல்ல. மறுபக்கத்துச் சரிவு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது மட்டுமே.

இனி கணக்கு எளிது. நாண் நகரும் தூரம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 27 கிலோ. பழைய வில்லானால் கோடு நேராக ஏறி உச்சியில் முடிந்துவிடும். பரப்பு ஒரு முக்கோணம், ஆற்றல் ஏறக்குறைய 67 ஜூல். காம்பவுண்டில் கோடு சீக்கிரமே உச்சிக்கு ஏறி அங்கேயே தங்குவதால் சுமார் 100 ஜூல். கடைசியில் கை தாங்குவது ஐந்தில் ஒரு பங்கு. தேங்கிய ஆற்றலோ ஒன்றரை மடங்கு.

இப்போது லெட்-ஆஃபை 65%-இலிருந்து 80%-க்கு மாற்றுவோம். கடைசிச் சுமை 9.5 கிலோவிலிருந்து 5.4 கிலோவாகிறது. வித்தியாசம் 4 கிலோ சொச்சம். அதுவும் சரிவின் கடைசி 10 சென்டிமீட்டரில் மட்டும், சிறுகச் சிறுக வருகிற வித்தியாசம். அந்த மெல்லிய முக்கோணத்தின் பரப்பு 2 ஜூல். நூறில் இரண்டு. வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் வேகத்தில் குறைவது நூறில் ஒன்றுதான். நொடிக்கு 85 மீட்டரில் போன அம்பு இனி 84-இல் போகும். கை தாங்கும் சுமை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது, அம்போ நூறில் ஒரு பங்கைத்தான் விலையாகக் கொடுத்தது. இத்தனை மலிவான பேரம் இயந்திரவியலில் அபூர்வம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நொடிக்கு 85 மீட்டர் என்றால் மணிக்கு 306 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயிலின் வடிவமைப்பு வேகம் 180. நின்ற இடத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள், ஒரு நொடியின் எண்பதில் ஒரு பங்கு நேரத்தில், அம்பு இந்த வேகத்தை எட்டிவிடுகிறது.

எதிர்த்திசையில் வேகம் ஏறும் என்றேனே, அது இப்படி. லெட்-ஆஃபை மாற்ற இரண்டு வழிகள். கேமில் மாட்டியிருக்கும் மாட்யூல் என்ற சிறு தகட்டைக் கழற்றி, வேறு வடிவத் தகட்டை மாட்டுவது ஒன்று. இதில் இழுப்பு தூரம் மாறாமல் சரிவு மட்டும் ஆழமாகும். மேலே போட்ட கணக்கு இதற்குத்தான். இன்னொன்று, அந்தச் சுவர் முளையை அதன் துளையில் சற்று நகர்த்துவது. முளை பின்னால் போனால் நாணை இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இழுக்கலாம், பள்ளத்தின் ஆழத்துக்கே போய்விடலாம். சதவீதம் உயர்கிறது. ஆனால் நாண் கூடுதல் தூரம் நகர்ந்ததால் மலையின் பரப்பு குறையவில்லை, அரை ஜூலுக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. வேகம் மிகமிகக் கொஞ்சம் ஏறும். ஆக, 80% லெட்-ஆஃப் வைத்ததும் என் அம்பு மெதுவாகிவிட்டது என்று ஒருவரும், அப்படி ஒன்றும் இல்லையே என்று இன்னொருவரும் சொன்னால் இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். எதை மாற்றினார்கள் என்று கேட்டால் போதும்.

சுமை குறைந்த பள்ளம் இன்னொரு நன்மையும் செய்கிறது. இதை நான் முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. குறி பார்க்கும்போது கை தன்னையறியாமல் 3 மில்லிமீட்டர் முன்னால் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒலிம்பிக்கில் இதுவரை நாம் பார்த்துவந்த, கேம் இல்லாத ரிகர்வ் வில்லில் அந்த இடத்தில் சுமை 20 கிலோ அளவில் இருக்கும். இழப்பு 0.6 ஜூல். அந்த வில்லின் ஆற்றலில் நூறில் ஒரு பங்குக்கும் மேல். 70 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் அம்பு 8 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும், பத்துப் புள்ளி வட்டத்தை விட்டே வெளியேறிவிடும். அதனால்தான் ரிகர்வ் வீரர்கள் கிளிக்கர் என்ற மெல்லிய தகட்டை வைத்திருக்கிறார்கள். அம்பின் முனை சரியான இடத்துக்கு வந்ததும் அது டிக் என்று தட்டிச் சொல்லும். காம்பவுண்டிலோ அதே 3 மில்லிமீட்டர் தளர்வு நடப்பது ஆறேழு கிலோ சுமையில். இழப்பு 0.2 ஜூல். 50 மீட்டரில் அம்பு தாழ்வது 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான்.

அம்புக்குக் கிடைக்கும் உபகாரமும் உண்டு. பழைய வில்லில் நாணை விட்ட கணத்திலேயே அம்பின் முதுகில் முழுச் சுமையும் விழும். காம்பவுண்டில் இழுத்த வழியே திரும்பி வருவதால் தள்ளுதல் ஐந்து கிலோவில் மெதுவாகத் தொடங்கி, பிறகு 27-க்கு ஏறுகிறது. முதல் அதிர்ச்சி குறைவு என்பதால் அம்பும் குறைவாக நெளிகிறது.

வேகத்தின் மீதுதான் ஆசை என்றால் லெட்-ஆஃபை நோண்டுவதில் பயனில்லை. தேங்கிய 100 ஜூலில் அம்புக்குப் போய்ச் சேர்வது 82 அளவு. மீதி நாணையும் கேபிளையும் கேமையும் லிம்பையும் நகர்த்துவதில் செலவாகிவிடும். 22.7 கிராம் எடையுள்ள அம்பை 1.6 கிராம் இலேசாக்கினால் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர் கூடும். லெட்-ஆஃப் மாற்றம் தருவதைப்போல மூன்று மடங்கு. இழுப்பு தூரத்தை 2.5 சென்டிமீட்டர் கூட்டினாலும் ஏறக்குறைய அதே பலன். ஆனால் அம்பு இலேசாக ஆக, வில் தன் ஆற்றலைத் தன்மேலேயே வாங்கிக்கொள்ளும். அம்பே இல்லாமல் நாணை விட்டால் லிம்ப் பிளந்து கேம் தெறிக்கவும் கூடும். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெயின், அதாவது 60 பவுண்டு வில்லுக்கு 19 கிராமுக்குக் குறையாத அம்பு என்று தயாரிப்பாளர்கள் எல்லை வகுப்பது இதற்காகத்தான். கனமான அம்பு மெதுவாகப் போனாலும் ஆற்றலில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு போகும். கொல்லிமலையின் வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையில் தொடங்கி உடும்புவரை ஐந்து உயிர்களைத் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. பாட்டின் மிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அது இலேசான அம்பாக இருந்திருக்க முடியாது.

காற்றைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கேரளத்தில் காற்றாலைகள் நிற்கும் இடங்கள் என்றால் பாலக்காட்டின் கஞ்சிக்கோடும் இடுக்கியின் ராமக்கல்மேடும்தான் முதலில் நினைவுக்கு வரும். கணவாய் வழியாகவும் மலை விளிம்பிலும் பாய்கிற காற்று அது. அப்படிப்பட்ட திறந்தவெளியில் 50 மீட்டரைக் கடக்க அம்புக்கு 0.6 நொடி ஆகும். அதற்குள் பக்கக் காற்று அதைச் சில சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரம் 4 சென்டிமீட்டர் என்பதை நினைத்தால் அது பெரிய தூரம். இங்கே வேகம் உதவும், ஆனால் அந்த நூறில் ஒரு பங்கு வேகத்தால் கிடைக்கும் லாபம் அற்பம். காற்று வில்லையும் பிடித்து ஆட்டுகிறது, பெரிய தொல்லை அதுதான். கையில் ஐந்து கிலோதான் இருந்தால் வில் இலேசாக மிதக்கும், சிறு காற்றுக்கும் சிறு நடுக்கத்துக்கும் குறிப்புள்ளி அலையும். ஒன்பது பத்து கிலோ இருந்தால் முதுகுத் தசை இறுகி, வில் ஓரிடத்தில் நின்றுவிடும். 80, 85 சதவீதம் கிடைத்தாலும் இலக்குப் போட்டி வீரர்கள் பலர் 65-க்கும் 75-க்கும் இடைப்பட்ட லெட்-ஆஃபைத் தேடுவது இதற்காகத்தான். வேகம் ஒரு மீட்டர் கூடுவது அவர்களுக்குக் கொசுறு.

ஆனால் எல்லா உடம்புக்கும் ஒரே எண் பொருந்தாது. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவி பிறவியிலேயே கைகள் இல்லாதவர். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் வில்லைப் பிடித்து நீட்டுகிறார். தோளில் மாட்டிய கருவியால் நாணைக் கோத்து, காலை நீட்டியே வில்லை இழுத்து, வாயால் விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து காம்பவுண்ட் கலப்பு அணியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. முழுச் சுமையையும் குறி பார்க்கும் நேரமெல்லாம் காலிலும் தோளிலும் தாங்கவேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேமின் கோணல் சுமையை இறக்கிவைக்கிறது, குறி பார்க்கும் சில நொடிகள் முழுதும் அவருக்குக் கிடைக்கின்றன.

லெட்-ஆஃபை மாற்றிய பிறகு செய்யவேண்டிய ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 50 மீட்டர் போவதற்குள் அம்பு ஏறக்குறைய 1.7 மீட்டர் கீழே இறங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் வில்லில் இருக்கும் குறிப்புள்ளியை ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்கிறார்கள். வேகம் நூறில் ஒன்று குறைந்தால் இந்த இறக்கம் நூறில் இரண்டு கூடும், அதாவது மூன்றரை சென்டிமீட்டர். வேகத்தில் அற்பமாகத் தெரிந்த மாற்றம் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விளிம்புக்கே அம்பைக் கொண்டுபோய்விடும். எனவே மாட்யூலை மாற்றினால், வேகமானியில் நான்கைந்து அம்பு விட்டுப் புதிய வேகத்தைக் குறித்துக்கொண்டு, குறிப்புள்ளியைத் திருகி இறக்கி, மறுபடியும் எய்து பார்க்கவேண்டும். ஒருமுறை சரிசெய்துவிட்டால் அந்த ஒரு மீட்டர் குறைவைப் பற்றி அதற்குப் பிறகு கவலையே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் வில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழைகிறது, கலப்பு அணிப் போட்டியாக. இந்திய வீரர்கள் எந்த எண்ணில் லெட்-ஆஃபை வைத்துக்கொண்டு அங்கே நிற்பார்கள் என்பதைத் தீர்மானிக்கப்போவது, அசையாமல் நிற்க அவரவர் தோளும் முதுகும் கேட்கும் கிலோதான்.